செவ்வாய், வியாழன் மீன்பாடு

1978 யூன் 6, செவ்வாய்

பின்னேரம் குருநகர்க் கடற்கரையில், வள்ளம் தள்ளுகிற நேரம் பார்த்து, படிவங்களோடு நின்றேன். முதற்கேள்வி: "இன்று தொழிலுக்கு எங்கே போகிறீர்கள்?" மீன்பிடி ஆய்வுக்குப் பேராசிரியர் கனகலிங்கம் தானே எழுதிய படிவம். கேட்டதும் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். இனி வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும். இந்த ஆய்வு சரிவந்தால்தான் என் உதவி விரிவுரையாளர் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் சாவகச்சேரி வீட்டில் போய்க் குந்த வேண்டியதுதான்.

யூன் 15

வெயில். சிரிப்பு. ஒன்பது படிவம்.

யூலை 22, சனி

மீனவர் சங்கத்தில் மீன் நிறுத்து எழுதுகிற கொப்பியைப் புரட்டினேன். செவ்வாயும் வியாழனும் மீன்பாடு பாதிதான்! பேராசிரியர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "ஐசே, இது நீரோட்டம்! விடாதையும்!" நீரோட்டத்துக்குக் கிழமை தெரியுமா என்று கேட்க நினைத்தேன். வேலையை நினைத்துக் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 14, திங்கள்

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. குருநகரில் வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி செபநாயகத்தாருக்கு நன்றி சொல்லப் போனேன். இனி வரமாட்டேன் என்றதும் மனிதர் பெருமூச்சு விட்டார்.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. கடலுக்குப் போறவனை எங்கை போறாய் எண்டு கேட்டால், பிறகு போகலாமே? நீங்கள் அங்காலை போனதும் அரைவாசிப் பேர் வள்ளத்தை இழுத்துவைச்சிட்டு வீட்டை போயிடுவாங்கள்."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"படிச்ச பிள்ளை. முகத்துக்கு நேரை எப்பிடிச் சொல்லுறது?"

பத்து வாரம். இருபது நாள்! வாசலில் என்னை யாராவது அப்படிக் கேட்டால், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறவன் நான். அதே கேள்வி அச்சடித்த தாளில் இருந்தவுடனே என்ரை புத்தி எங்கை போனது? எத்தினை வீட்டிலை அடுப்பு எரியாமல் கிடந்திருக்கும் — நானும் ஒரு மனுசனோ?

ஓகஸ்ட் 15

பேராசிரியரிடம் முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உதை வேறை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை, சேர்."

"அப்ப நீரோட்டம்தான்."

செப்டெம்பர் 2, சனி

ஆய்வின் பயன் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டுமாம். குருநகரில் கோயில் மண்டபத்தில் கூட்டம். செவ்வாயும் வியாழனும் ஏன் மீன் குறைகிறது என்று, அந்த மீனைப் பிடிக்காமல் விட்டவர்களுக்கே பேராசிரியர் ஒரு மணிநேரம் விளக்கினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நன்றியுரை செபநாயகத்தார்: "தம்பி எங்களுக்காக வெயிலுக்கை நிண்டு கஷ்டப்பட்டவர். அவருக்கு ஒரு நல்ல உத்தியோகம் கிடைக்கவேணும்." உண்மையைச் சொல்லிவிடத்தான் எழும்பினேன். வணக்கம் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

செப்டெம்பர் 25

வேலை நிரந்தரம். கடிதம் வந்தது.

செப்டெம்பர் 27, புதன்

காலையில் செபநாயகத்தாரின் மகள் றோஸ், அரியாலையில் என் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் பெரிய பாரை மீன்.

"உங்கடை உத்தியோகத்துக்கு அப்பா தந்துவிட்டவர், சேர். நேற்று எங்களுக்கு நல்ல மீன்பாடு."

நேற்று செவ்வாய்.

வாங்க முகமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முகமில்லை. வாங்கினேன்.