செய்யூருக்குப் போன இரவல் டீச்சர்

1998 ஆகஸ்ட் 3, திங்கள்

விடியலில் தூறல். எட்டு மணிக்குள் புழுக்கம். வண்டி கிளம்ப மறுப்பு. தெருக்கோடி வரை தள்ளியும் மறுப்பு.

இந்த வாரம் நான் எழுதப் போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று மனசாட்சியைச் சாட்சியாக வைத்து உறுதி கூறுகிறேன். தப்பித் தவறி நம்பிவிட்டவரை உடனே நல்ல வைத்தியரிடம் காட்டவும்.

மறைமலைநகர் தொழிற்சாலையில் இருந்தவரை உலகத்து லாரிகளில் பாதி என் போல்ட்டை நம்பித்தான் ஓடின. இப்போது அக்காள் மகள் மலர்விழி நடத்தும் பெண்கள் பள்ளிக் கூட்டமைப்புக்கு நானே சாரதி, நானே வெளியுறவு மந்திரி, பஞ்சர் ஒட்டுவதும் நானே. செங்கல்பட்டிலிருந்து (இனி செ.பட்டு) கடற்கரை வரை சின்னச் சின்னப் பெண்கள் பள்ளிகள். எந்தப் பள்ளியிலும் எல்லாம் கிடையாது. அதனால் இரவல் முறை. ஒரு நுண்ணோக்கி, ஒரு எலும்புக்கூடு, ஒரு ஹார்மோனியம், வாரம் ஒரு பள்ளி. சுமப்பது என் ரதம். எலும்புக்கூட்டுக்கு எப்போதும் முன்சீட்டு. மதுராந்தகம் போலீஸ்காரர் அதற்கு சல்யூட் வைத்ததும் உண்டு. எனக்கு வைத்ததில்லை.

வண்டி கடைசியில் பதினொன்றுக்குக் கிளம்பியது. அதற்குள் மலர் ஓடி வந்தாள். முகம் சரியில்லை.

“மாமா, செய்யூர் கணக்கு டீச்சர் பூட்டாங்க.”

“எங்க?”

“ஓசூர் மாப்பிள்ளையாம். கண்ணாலம் முடிஞ்சி அப்டியே. வெள்ளிக்கிழம டிரஸ்ட்டுல இருந்து வராங்க.”

செய்யூர் பள்ளியின் பத்தாம் வகுப்பு ஓடுவதே அந்த டிரஸ்ட்டின் தயவில். கணக்குக்கு ஆள் இல்லை என்று தெரிந்தால் வகுப்பை மூடிவிட்டுப் பெண்களை மதுராந்தகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். பெண்கள் மதுராந்தகம் போக மாட்டார்கள். வீட்டோடு இருப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும், டிரஸ்ட்டைத் தவிர.

வாங்க வேண்டியது: ஃபேன் பெல்ட், சாக்பீஸ், எனக்குத் தைலம், ஒரு கணக்கு டீச்சர்.


ஆகஸ்ட் 4, செவ்வாய்

வெயில். மதுராந்தகத்தில் நானும் மலரும் ஆள் பிடிக்கும் படலம்.

ஒன்று: டியூஷன் வாத்தியார். செய்யூர் என்றதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கூடவே வருகிறார் என்று பூரித்துப் போனேன். எங்களை வாசல்வரை வழியனுப்பத்தானாம்.

இரண்டு: பட்டதாரிப் பெண். அவளுக்குச் சம்மதம். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். எதிர்வீட்டு வேப்பமரம் இலை உதிர்த்தது.

மூன்று: ஓய்வு பெற்ற ஆசிரியர். அசோகர் மரம் நட்டபோது குழி தோண்டியவர். கணக்கு அத்தனையும் நினைவில். நாங்கள் யார் என்பதுதான் நிற்கவில்லை.

பிறகு செய்யூர். சாலைப் பள்ளத்தில் நாற்று நட்டிருந்தார்கள், இரண்டாம் களையும் எடுத்தாயிற்று. பள்ளிவாசலில் தலைமையாசிரியை சகாயமேரியிடம் (இனி ச.மே.) ஒருவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பவானியின் அப்பா, சவுக்கு வெட்டுகிறவர்.

“ஸ்கூலு இங்க கீதுன்னா வரட்டும் டீச்சர். பஸ்ஸு ஏத்தி மதுராந்தகம்லாம் அனுப்ப முடியாது. எங்கூட தோப்புக்கு வரட்டும்.”

பவானி பக்கத்திலேயே நின்றாள். செருப்பின் வாரைக் கால்விரலால் திருகிக்கொண்டிருந்தாள்.

மலர் குழாயடிக்குப் போன நேரம் ச.மே. என்னை ஓரம் கட்டினார். “அண்ணாத்த, எலும்புக்கூட்ட இரவல் தர்றீங்க. ஹார்மோனியத்த தர்றீங்க. ஒரு டீச்சர தரக்கூடாதா? ஒரே ஒரு பீரியடு?”

நியூட்டன் தலையில் ஆப்பிள். என் தலையில் பலாப்பழம்.


ஆகஸ்ட் 5, புதன்

மேகம். மழை இல்லை. உட்கார முடியவில்லை. துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தேன்.

யோசனையை மலரிடம் நயமாக எடுத்து வைத்தேன். செ.பட்டுப் பள்ளியின் கோமதி டீச்சர், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், செய்யூர் டீச்சர் போல.

“போல?” என்றாள்.

“போலத்தான்.”

“இன்னா மாமா வெளாடறியா? ஒரு எடத்துல பொய்னு தெரிஞ்சா நாளிக்கு எந்த ஸ்கூல நம்புவாங்க? நான் நேராவே சொல்லிடறேன், ஆளு இல்லன்னு.”

“சொன்னா மூடிடுவாங்க.”

போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். நாளெல்லாம் அப்படியே. கடைசிவரை யாரையும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் நானே கோமதி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒல்லியான பெண்மணி, சின்னக் குரல், ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள். என் சொற்பொழிவில் கல்லும் கரைந்தது, அவர் கரையவில்லை. பவானியின் செருப்பு வாரைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பேசினார்.

“ஒரு பீரியடுதானே மாமா?”

“சத்தியமா.”

ஒரே சிக்கல்: டிரஸ்ட் நாளை செ.பட்டுப் பள்ளியைப் பார்க்கும். நாளை பார்த்த முகத்தை மறுநாள் செய்யூரில் பார்க்கக் கூடாது. எனவே நாளை கோமதி டீச்சர் மறைவு வாசம். இடம்: விடுதிச் சமையற்கட்டு. ராஜதந்திரம் என்றால் இது.


ஆகஸ்ட் 6, வியாழன்

மாமல்லபுரம், விடிகாலை. கடல் இரைச்சல் ஒரு பக்கம், உளிச் சத்தம் ஒரு பக்கம். டிரஸ்ட் அம்மாவை விருந்தினர் விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டேன். கோட்டு, கேமரா, குடை பிடிக்க ஆள் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரே ஒரு லோகாம்பாள். என் தோள் உயரம், துணிப்பை, சென்னையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் ஏறும்போதே முன்டயரைப் பார்த்து, “காத்து கம்மியா இருக்கே” என்றார்.

செ.பட்டுப் பள்ளியில் எல்லாம் சுகம். பாட்டு, வரவேற்பு, ரோஜா. கணக்கு வகுப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்காமல் நுண்ணோக்கிப் பக்கமே சுற்ற வைத்தேன். வெங்காயத் தோலை ஆறு முறை பார்த்துவிட்டார்.

பிறகு சொன்னார்: “தாகமா இருக்கு. சமையல்கட்டு எங்க?”

நான் பாய்ந்தேன். புலி பாயும். நான் அதைவிட. என்ன பயன்? அவர் உள்ளே போய்விட்டார். கோமதி டீச்சர் தரையில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஆறாக.

“என்னம்மா, சமையலா?”

கோமதி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

“ஆமா மேடம்,” என்றார்.

லோகாம்பாள் பக்கத்தில் குந்தி இரண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வழக்கமாக இருபது.


ஆகஸ்ட் 7, வெள்ளி

நேற்றைய மழையில் செய்யூர்ச் சாலை முழுக்கச் சேறு. கோமதி டீச்சர் முதல் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார். என் கடைசி அஸ்திரமாக, ச.மே.யின் மூக்குக்கண்ணாடியை அவருக்கு மாட்டிவிடச் சொல்லியிருந்தேன். கொண்டையும் உயரமாக. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

லோகாம்பாளோடு வகுப்பு வாசலுக்கு வந்ததும் மலருக்குத் தெரிந்துவிட்டது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மாமியார் பார்வை எல்லாம் இதன் முன்னால் பன்னீர்.

லோகாம்பாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இருபடிச் சமன்பாடு. கோமதி டீச்சருக்குக் கண்ணாடி வழியாகப் பலகையும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. முதல் வரியைச் சன்னல் கதவில் எழுதப் போனார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். சட்டென்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். சின்னக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. நடு எண்ணை எப்படிப் பிரிப்பது என்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார். நான்கூடப் பிரித்தேன், மனசுக்குள். தப்பாக.

பாதிக் கணக்கில் லோகாம்பாள் எழுந்தார்.

“நேத்து வெங்காயம் உரிச்சீங்களேம்மா?”

சாக்பீஸ் நின்றது. காப்பாற்றும் கடமை என்னுடையது. “அம்மா, எங்க கூட்டமைப்புல சமையல் பண்றவங்களுக்கே அல்ஜீப்ரா அத்துப்படி!” என்றேன்.

“அப்படியா? இந்தப் பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவையும் கூப்பிடுங்க. பௌதிகம் எடுக்கட்டும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மலர் சிரிக்கவில்லை. ச.மே. சிலுவையைத் தொட்டுக்கொண்டார். லோகாம்பாள் பையை எடுத்தார், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது பவானி எழுந்து நின்றாள்.

“மேடம், எங்க டீச்சர் கண்ணாலம் கட்டிகினு பூட்டாங்க. இவங்க இன்னிக்கி மட்டும்தான், எங்களுக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் சும்மாவா உக்காந்திருந்தீங்க?”

“இன்னா பண்றது மேடம், புரியறா மாரி சொல்லித் தராங்களே. திட்டறதா இருந்தா அப்பால திட்டுங்க. பாதியில கீது. முடிச்சிட்டுப் போவட்டும்.”

லோகாம்பாள் பவானியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

கோமதி டீச்சர் முடித்தார். அதோடு நிற்காமல் இன்னொன்றும் போட்டார். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு வராந்தாவில் லோகாம்பாள் மலரிடம் சொன்னது, அப்படியே: “பொய்க்கு வந்தவங்க நிஜத்துக்கு வருவாங்களா? திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. வருவாங்கன்னா வகுப்பு இருக்கட்டும். இன்னொரு நாடகம்னா நானே பூட்டிடுவேன்.”

“அவங்களுக்குத் தெரியாதும்மா, எல்லாம் என் வேலை” என்று நான் மலரைக் காட்டிச் சொன்னேன். “அது எனக்கு டயரைப் பார்த்தப்பவே தெரியும்” என்றார். டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை விளங்கவில்லை.

திரும்பும்போது கோமதி டீச்சரும் வண்டியில்.


ஆகஸ்ட் 8, சனி

இரண்டாவது சனி. ஆசிரியைகள் கூட்டம். மலர் என்னோடு பேசவில்லை. டீயைக்கூட வேறொருவர் மூலம் அனுப்பினாள். சர்க்கரை இல்லாமல்.

செய்யூர்ப் பேச்சு எடுத்ததும் ஆளாளுக்குக் குரல். “எங்க ஸ்கூல்ல பாடம் யாரு எடுப்பாங்க?” “வாரத்துக்கு எத்தினி நாளு?” “போவ வர பொழுது பூடும்.” கோமதி டீச்சர் மகளின் ரிப்பனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்கக் கூடாது என்று மலர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். “அவங்களா சொன்னா சரி. மாமா, உனக்குந்தான்.” அதாவது பேசிவிட்டாள். கோபத்திலாவது.


ஆகஸ்ட் 9, ஞாயிறு

வெக்கை. கோமதி டீச்சர் தெருவைச் சைக்கிளில் ஒன்பது முறை கடந்தேன், தற்செயலாக. பத்தாவது முறை சன்னலிலிருந்து குரல்: “மாமா, பால்காரரே தோத்துட்டாரு. வூட்டுக்குப் போங்க.”

போனேன். மனசு போகவில்லை. பவானிக்கு இப்போது கையில் புத்தகமா, கத்தியா? பழைய கார்புரேட்டரைப் பிரித்தேன். பூட்டினேன். இரண்டு பாகம் மிச்சம்.


ஆகஸ்ட் 10, திங்கள்

காலையிலிருந்து அலுவலகத்தில். போன் அடிக்கும்போதெல்லாம் நான் எழுந்தேன். மலர் உட்காரச் சொன்னாள். ஒரு தவறான எண். ஒரு சோப்பு வியாபாரி.

மதியத்துக்குப் பிறகு கோமதி டீச்சர் நேரிலேயே வந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு.

“செவ்வாயும் வெள்ளியும் நான் போறேன் மலர். இங்க என் பீரியட மாத்தித் தரேன்னு எங்க ஹெச்செம் சொல்லிட்டாங்க. மிச்ச நாளுக்கு ஆளு பாருங்க.”

மலருக்குக் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

“ஒண்ணு மாமா,” என்று என் பக்கம் திரும்பினார். “இவ ஸ்கூல் வுடறதுக்குள்ள என்னக் கொண்டாந்து வுடணும்.”

“டீச்சர், காத்தா பறந்து...”

“காத்தெல்லாம் வேணாம். வண்டி கெளம்புனா போதும்.”

மலர் லோகாம்பாளுக்குப் போன் போட்டாள். இரண்டு நாள்தான் உறுதி, மற்றதற்கு இன்னும் ஆள் இல்லை என்று உள்ளபடி சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து, “சரி. இரண்டு நாள்லயிருந்து ஆரம்பிங்க.”

புதன், வியாழன், திங்களுக்கு ஆள் வேண்டும். அந்த டியூஷன் வாத்தியார் சட்டையைக் கழற்றுவதற்குள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.


ஆகஸ்ட் 11, செவ்வாய்

இடி. மழை. வண்டி முதல் தள்ளிலேயே கிளம்பியது. எலும்புக்கூடு பின்சீட்டுக்கு மாற்றல்.

போய், வந்து, கோமதி டீச்சரை நேரத்துக்கு இறக்கிவிட்டாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் இப்போது ஒருமுறை படித்துப் பார்த்தேன். போலீஸ்காரர் சல்யூட் வைக்கவில்லை. பள்ளத்தில் நாற்று இல்லை. இருபது இட்லி நான் எந்நாளும் தின்றதில்லை. ஒன்று மட்டும், சின்னதுதான்: இன்று முதல் பீரியடில் செய்யூர் பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கு டீச்சர் நின்றார். அது நிஜம்.