கடலில் நீந்துவது மீன்தானே

ஜூலை 12, சனிக்கிழமை

கோயில் ஆக்களோடு பஸ்ஸில், ஒருகாலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே கோடை விழா. மியூசியத்தில் நின்ற பெண், திமிங்கிலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று விளங்கப்படுத்தினாள். என் கூட்டாளி சூசை அப்போது வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான்.

துறைமுகத்தில் திமிங்கில இறைச்சியைத் தணலில் சுட்டு விற்றார்கள். சூசை ஒரு மாதமாக இறைச்சி தொடுவதில்லை. டொக்டருக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். ஆளை மாட்டிவிட ஆசை வந்தது.

“மச்சான், இது இறைச்சியோ?”

“கடலிலை நீந்துறது மீன்தானேடா. மன்னாரிலை பிறந்தவன் கேக்கிற கேள்வியோ இது?”

இரண்டு தட்டுச் சாப்பிட்டான். உண்மையைச் சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்:

“திங்கட்கிழமை மகளுக்கு இருதய ஒப்பரேஷன். அது முடியுமட்டும் இறைச்சி தொடமாட்டன் எண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனான். இண்டைக்குத்தான் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டனான்.”

இரவு பஸ் எங்கள் ஊரான லோறென்ஸ்கூக்குக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சூசைக்குப் போன் எடுத்தேன்.

“என்னடா?”

“ஒண்டுமில்லை. மகள் என்ன செய்யிறாள்?”

“படுத்திட்டாள். நீயும் படு.”

திங்கள் முடியுமட்டும் நான் இறைச்சி தொடுவதில்லை. ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவனை அந்தோனியார் ஏற்பாரோ தெரியாது.