பீச் மரங்களை வெட்டிய நாள்

செப்டம்பர், வியாழன் இரவு

கண் தெரியாத அந்த முதியவரிடம் இன்று பொய் சொன்னேன்.

இங்கிலாந்தின் கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே, அகழி சூழ்ந்த பழைய பிரபு மாளிகை அவருடையது. இப்போது அதில் ஒரேயோர் அறையில்தான் வாழ்கிறார். காலையில் அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது என் வேலை. காரை நிறுத்தும்போதே அவருடைய மகன் வழிமறித்தான். அவருடைய அறை யன்னலுக்கு எதிரே ஓங்கி அடர்ந்து நின்ற பீச் மரங்களை ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டோடு காணியும் விலைப்பட்டுவிட்டதாம்.

“அப்பாவிட்டை ஒண்டும் சொல்லாதையுங்கோ. அவர் தாங்கமாட்டார்” என்றான்.

உள்ளே போனதும் முதியவர் கேட்டார்: “என்ன இரைச்சல்?”

“பக்கத்துத் தோட்டத்திலை விறகு வெட்டுகினம்” என்றேன்.

தலையாட்டினார். “வசந்தம் வந்தால் என்னைச் சக்கர நாற்காலியிலை எங்கடை மரங்களுக்குக் கீழை தள்ளிக்கொண்டு போவியோ?”

“ஓம்.”

சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஏதோ பாரமாக விழுந்து தரை அதிர்ந்தது. அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். வெயில் பட்ட கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“இந்த அறைக்குள்ளை காலமையிலை வெயில் வாறதில்லையே” என்றார்.

நான் திரையை இழுத்து மூடினேன். மிச்சப் பொத்தான்களை அவரே தடவித் தடவிப் பூட்டினார். நாளைக்கும் நான்தான் போகவேண்டும்.