நாம் அடித்துவிட்ட கையெழுத்து

இன்று தபாலில், தேர்தலுக்கு முன் மாநில அரசு அனுப்பும் வாக்காளர் கையேடு வந்தது. பிரித்ததும் செய்தித்தாள் மையின் வாசம். சமையலறையில் நின்றபடியே புரட்டினேன். முதியோர் இல்லங்களில் இத்தனை பேருக்கு ஒரு பணியாளர் கட்டாயம் வேண்டும் என்ற நம்முடைய சட்ட முன்மொழிவு அச்சில் இருந்தது. உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது.

உன் அம்மா முதியோர் இல்லத்தில் விழுந்த மதியம், அந்த மாடி முழுவதற்கும் ஒரே ஒரு பெண்தான் வேலையில் இருந்தாள். அழைப்பு மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அம்மா தானே எழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தது, பிறகு அவர் தேறவேயில்லை. "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமே இல்ல புள்ள. ஒத்த ஆளு என்ன பண்ணும்?" என்றாய்.

அப்படி ஒரு சட்டம் கேட்டு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு மூன்று முறை போனாய். மசோதா ஒரு முறைகூட சட்டசபைக் குழுவைத் தாண்டவில்லை. மூன்றாம் முறை திரும்பி வந்ததும், குபெர்டினோவில் நம் ஆபீஸ் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சொன்னாய்: "அவங்க பண்ண மாட்டாங்க. போதுமான கையெழுத்து வாங்கினா ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கலாம். நான் அதுல சேர்ந்துட்டேன். வர்றியா?"

நான் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிக் காத்திருந்த நேரம் அது. "கிரீன் கார்டுல இருக்கோம், எதுக்கு வம்பு?" என்றார் என் கணவர். நான் கையெழுத்துப் போடத்தான் கூடாது, வாங்கலாம் என்று நீ விதியைக் காட்டினாய். வந்தேன். இந்தியக் கடை வாசலில் கிளிப்போர்டோடு நின்றேன்.

ஒரு சனிக்கிழமை, ஒரு பெண்மணி தன் கையெழுத்துக்குக் கீழே கணவர் பெயரையும் எழுதி, அவருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். "அவரும் இதையேதான் சொல்வாரு" என்றார். நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகுதான் தாளின் அடியிலிருந்த உறுதிமொழி கண்ணில் பட்டது: ஒவ்வொரு கையெழுத்தும் உரியவரே என் கண்ணெதிரில் போட்டது, பொய்யென்றால் தண்டனை. அதன் கீழ் நான் கையெழுத்திட வேண்டும்.

நிற்க முடியாமல் நீ காரில் உட்கார்ந்திருந்தாய். கீமோ முடிந்து நான்காம் நாள். சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டுவாய் என்று நினைத்தேன். தாளிலிருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, "வண்டிய எடு. அவரையே கேட்டுருவோம்" என்றாய்.

கதவைத் திறந்தவர் தாளை நிதானமாகப் படித்தார். "இல்லம்மா. இது வந்தா சின்ன ஹோமெல்லாம் தாங்காது, மூடிடுவாங்க. எங்கம்மா அப்படி ஒரு ஹோம்லதான் இருக்காங்க. நான் போட மாட்டேன்." பின்னால் அவர் மனைவி தலைகுனிந்து நின்றார். நீ அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்தாய். "ரொம்ப நன்றிங்க. உங்கம்மா நல்லா இருக்கட்டும்."

"ஒண்ணு போச்சே" என்றேன் காரில். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அவரு வேண்டாங்கறத நாம மறைச்சா, நாம சொன்னதக் கேக்காத அந்தக் குழுவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் அதிகாரி கேட்ட எதற்கும் நான் தடுமாறவில்லை; சிட்டிசன்ஷிப் கிடைத்தது. முன்மொழிவுக்குப் போதுமான கையெழுத்து சேர்ந்துவிட்டது என்ற செய்தி, நீ போய்ப் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. டிவியைப் போட்டால் எதிர்ப்பு விளம்பரம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "ஹோம் ஃபீஸ் ஏறிடுமாமே" என்கிறார். ஒருவேளை ஜெயித்துவிட்டால் அந்த மனிதரின் அம்மா எங்கே போவார் என்ற கவலையும் இருக்கிறது. சிறிய இல்லங்களுக்கு அவகாசம் தரும் பத்தியை மூன்று முறை படித்தேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் முதல் ஓட்டு இது. முன்மொழிவை ஆதரித்துத்தான் போடப்போகிறேன்.

போன வாரம் கடை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தபோது ஓர் இளம்பெண் கேட்டாள்: "இதனால சின்ன ஹோம்ஸ் மூடிடாதா?"

"மூடலாம்ங்க. டைம் குடுத்திருக்காங்க, அது பத்துமான்னு எனக்கே தெரியல" என்றேன். பிறகு உன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். எப்படிப் போடுவாள் என்று சொல்லாமலே போய்விட்டாள். ஒரு ஓட்டைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடியே அடுத்த பிரசுரத்தை எடுத்தேன். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அவரிடமும் அப்படியேதான் சொன்னேன்.