தானாக ஓடிய மோட்டார்

பாப்பாரப்பட்டி,
14-5-1987

அன்புள்ள கண்ணு கனகவல்லிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். செவலை மாடு நலம், கன்றும் இப்போது தள்ளாடாமல் நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். என் நலத்தை, இதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். கோடை இந்த முறை கடுமை, கிணற்றில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் சேறு தெரிகிறது. இருந்தும் தக்காளி காய்த்தது, வாரம் இரண்டு தடவை பாலக்கோடு மண்டிக்குப் போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பொம்மிடியில் உன் சித்தி சொன்ன எண்ணெயைத் தடவிப் பார்த்துவிட்டு வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது என்கிறாள். உனக்கு ஐந்தாம் மாதம். ஈயம் உருக்குகிற மேசைப் பக்கம் இனி உட்காராதே, அந்தப் புகை நல்லதில்லை, வேலையை வேறு யாரிடமாவது கொடு. மோர் நிறையக் குடி. இதையெல்லாம் அம்மா எழுதச் சொன்னாள். இனி நான் எழுதவேண்டியது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. வாங்குகிறவரே பூட்டிக்கொள்ளும் அந்தக் கிட்டை வெளியிடுவதைக் கம்பெனியில் நிறுத்தி வைத்துவிட்டார்கள், உன் பெயரில் போகவிருந்த முதல் பொருள் அது, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உங்கள் கடிதத்தை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். நான் எழுதிய ஒரு வரியால் வந்தது. "உன் பெட்டி தானாக மோட்டாரைப் போட்டுவிட்டது, நம்ப முடியாத பொருள்." உனக்கு அப்படி எழுதிய அதே வாரம் ஊரில் வேறு விதமாகச் சொன்னேன். மோட்டாரைப் போட்டது நம் காட்டுக்குத் தண்ணீர் கட்டும் சென்னப்பன் என்று. ஊருக்கு ஒரு பழி, உனக்கு ஒரு பழி. இரண்டிலும் நான் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். கண்ணு, பெட்டி சரியாக இருந்தது. சென்னப்பனும் சரியாக இருந்தான். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. பிறந்ததிலிருந்தே. முப்பத்தொரு வருடம் நிறமாலைப் பாடம் நடத்தினேன். ஏழு நிறத்தையும் வரிசையாகச் சொல்வேன், வரிசை மனப்பாடம். முப்பட்டகத்தை வெயிலில் பிடித்துவிட்டுப் பையன்களைச் சொல்லச் சொல்வேன், அவர்கள் சொன்னதும் தலையாட்டுவேன். தக்காளி விளைகிற ஊரில் எனக்குக் காயையும் பழத்தையும் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கூடை பிரிக்கும் இடத்தில் நான் உட்கார்ந்து நீ பார்த்திருக்கமாட்டாய். வாத்தியாருக்கு மண்ணில் உட்காரக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று விட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

நீ பொங்கலுக்கு அந்தக் கிட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது எவ்வளவு சந்தோஷம் எனக்கு. அம்மா முழங்காலோடு மோட்டார் ரூமுக்கு நடக்க வேண்டாம், வீட்டுப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் 'ஊ' என்று ஒரு ஒலி கம்பி வழியாகப் போகும், கிணற்றுப் பெட்டி அந்த ஒலியை மட்டும் அடையாளம் கண்டு ஸ்டார்ட்டரைப் போடும், இன்னொரு பொத்தான், இன்னொரு ஒலி, நிறுத்திவிடும். பேசவும் செய்யலாம், மைக் இருக்கிறது. நானே பூட்டித் தருகிறேன் என்று நீ சொன்னாய். நான்தான் வேண்டாம் என்றேன். வாத்தியார் பூட்டினார் என்று பெயர் வரவேண்டும். நீ ரயிலேறிய மறுநாள் பகலில் மாட்டுக் கொட்டகை நிழலில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன், சென்னப்பன் எதிரில் குந்திக்கொண்டு ஒவ்வொரு உருப்படியாக எடுத்துக் கொடுத்தான். உன் தாளில் ரெசிஸ்டர்களின் நிறக் கோடுகளை எழுதியிருந்தாய், பழுப்பு கருப்பு பச்சை, பத்து லட்சம் ஓம், ஒன்று. பழுப்பு கருப்பு சிவப்பு, ஆயிரம் ஓம், ஒன்று. அட்டவணை எனக்குத் தூக்கத்திலும் வரும். கையில் இருந்த இரண்டும் எனக்கு ஒன்றுபோல இருந்தன. ஒன்றை எடுத்து வைத்தேன். சென்னப்பன், "சார், தாளுல பச்சைன்னு படிச்சீங்க, இது செவப்புக் கோடுங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. "மூணாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்கு ஓம் விதி சொல்லித் தர்றியா, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றேன். அவன் எழுந்து போனான். நான் ஈயத்தை உருக்கி வைத்துவிட்டேன். பெட்டிக்கு மின்சாரம் வந்ததைக் காட்டும் அந்தச் சின்ன விளக்கு எரியவே இல்லை, நினைவிருக்கிறதா. விளக்கு பழுது என்று உனக்கு எழுதினேன். பழுது இல்லை. ஆயிரம் இருக்கவேண்டிய இடத்தில் பத்து லட்சத்தை வைத்தால் எந்த விளக்கு எரியும்.

பத்து லட்சம் இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரம் உட்கார்ந்திருந்தது. ஒலியை இரண்டு விநாடி விடாமல் கேட்டால்தான் பெட்டி கீழ்ப்படியவேண்டும், அதற்கென்றுதான் அந்த ரெசிஸ்டர் என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். நான் வைத்ததில் காதில் பட்டதுமே கீழ்ப்படிந்தது. மாசி கடைசியில் ஒரு நாள். பாத்தியெல்லாம் பாய்ச்சி முடித்து மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. நான் மைக்கில் கூப்பிட்டு, "சென்னப்பா, போதும், நீ போய்ச் சாப்பிடு" என்றேன். நான்தான் போகச் சொன்னேன். பேச்சு ஸ்விட்சைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். பக்கத்து அலமாரியில் ரேடியோ. செய்திக்கு முன்னால் மணியைக் காட்டும் அந்தப் 'பீப் பீப்' ஒலி, கிட்டத்தட்ட உன் பொத்தானின் சுருதி. அம்மாவும் நானும் செய்தி கேட்டுவிட்டு, களைப்பில் படுத்துவிட்டோம். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருந்த தண்ணீரை இறைத்துவிட்டு வெறும் காற்றை இழுத்து, உள்ளே செப்புக் கம்பிச் சுருள் கருகி, புகை வந்து, பாஞ்சாலி ஓடிவந்து சொன்னாள். பாஞ்சாலி சென்னப்பனின் பெண்டாட்டி, நம் காட்டில் பழம் பறிக்கிறவள், உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கவுஸ் பாய் டீக்கடையில் நாலு பேர் மோட்டாரைப் பற்றிக் கேட்டார்கள். புதுப் பெட்டி என்ன ஆச்சு சார் என்று ஒருவன் இழுத்தான். அந்த இழுப்பு என்னால் தாங்கமுடியவில்லை. சென்னப்பன் அங்கேதான் ஓரமாக நின்றிருந்தான். "பெட்டி என்ன பண்ணும், போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான், கேட்டா இல்லைங்கறான்" என்று அவனைக் காட்டினேன். அவன், "சத்தியமா நான் தொடலைங்க சார், அது தானா ஓடுச்சுங்க" என்றான். நான் சிரித்தேன். மோட்டாருக்குக் கால் முளைத்ததா என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் தானாவோடி. பஸ் ஸ்டாண்டில் நின்றால், "ஏப்பா தானாவோடி, பஸ்ஸு தானா ஓடப் போவுதாம், சீக்கிரம் ஏறிக்கோ" என்பார்கள். யாரும் அவனைத் தண்ணீர் கட்டக் கூப்பிடவில்லை. மோட்டார் ரூம் சாவியை எவன் கொடுப்பான். பங்குனியில் கரும்பு வெட்டுகிற ஆட்களோடு பாலக்கோடு பக்கம் போய்விட்டான். இருபது வருடமாகத் தண்ணீர் கட்டினவன். கத்தி பிடித்துப் பழக்கமில்லை.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வேலை கொடுத்திருந்தாய். அந்த இரண்டு ரெசிஸ்டரிலும் இருக்கும் நிறங்களை மட்டும் பார்த்து எழுதுங்கள் அப்பா. கிணற்றுப் பெட்டியைப் பிரித்து வெயிலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். கோட்டைப் பார்க்க அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, நிறத்தைச் சொல்ல ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சட்டென்று சொல்லிவிட்டாள். மாறி இருந்தன. மாற்றுவதற்கு முன்னால் ஒன்று பார்க்கவேண்டும் என்று தோன்றியது. மோட்டாருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, வீட்டில் ரேடியோவையும் பேச்சு ஸ்விட்சையும் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் ரூமில் போய் நின்றேன். செய்தி நேரம். பெட்டியில் பீப் என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுந்தது. தானாக. அங்கே யாரும் இல்லை, நான் மட்டும்தான். மறுநாள் இரண்டையும் மாற்றி வைத்தேன். விளக்கு எரிந்தது, அது சிவப்பாம், அம்மா சொன்னாள். அதே செய்தி, அதே பீப், ஸ்டார்ட்டர் அசையவில்லை. பொத்தானை இரண்டு விநாடி அமுக்கிப் பிடித்தால் விழுகிறது. பத்துத் தடவை பார்த்தேன். உன் பெட்டி நீ சொன்னபடி நடக்கிறது. இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் கொடு. தமிழ் தெரியாதவர் என்றால் நீயே படித்துச் சொல், என் கண்ணைப் பற்றி எழுதியதை விட்டுவிடாமல் சொல்.

திங்கட்கிழமை பஸ் ஏறிப் பாலக்கோடு போனேன். கரும்புக் காட்டில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். பழக்கம். "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்றான். இடது கையில் துணி சுற்றியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ரெசிஸ்டர், ரேடியோ, கண். கண்ணைப் பற்றிச் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது தெரியுங்க சார்" என்றான். எத்தனை நாளாக என்றேன். "பத்து வருசம் இருக்குங்க. ஒருக்கா நீங்க போற போக்குல பறிச்சுக் கூடையில போட்டதுல பாதி காயிங்க. அப்பறம் நான்தானே நீங்க அந்தாண்ட போனதும் பொறுக்கி எடுத்துருவேன்." அப்படியென்றால் அன்றைக்குக் கடையில் ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாயே என்றேன். "சொன்னா, உங்ககிட்டப் படிச்ச பசங்கதானுங்க அங்க அத்தனை பேரும். சிரிப்பாங்களேங்க" என்றான். வா, பழையபடி வேலைக்கு வா என்றேன். அவன் கத்தியைத் துடைத்தான். "எங்கிட்ட சொல்லி என்னங்க சார் ஆவப்போவுது. பாய் கடையில சொல்லுங்க. அங்கதானே போச்சு. சொன்னீங்கன்னா பாஞ்சாலி காதுக்கு வந்துரும், நான் வந்துர்றேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போனேன். டீ குடித்தேன். வந்துவிட்டேன். நேற்றும் போனேன். கவுஸ் பாய், "என்ன சார், ரெண்டாவது டீ, வூட்டுல சண்டையா" என்றார். அப்போது என்னிடம் பத்தாவது படித்த ஒருவன், அவன் சைக்கிள் சரிந்து விழ, "தானாவோடி சைக்கிளு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாலக்கோடு போய் வந்த பிறகும். அந்தச் சிரிப்பு என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று முழுக்க இந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதிவிட்டால் அங்கே சொல்வது சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இரண்டு விஷயம் மறக்காதே. கிட்டோடு போகிற தாளில் நிறத்துக்குப் பக்கத்தில் எண்ணையும் எழுது, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் ஒரு சின்னக் காகிதத்தில் குத்தி மதிப்பை எழுதி வை. என்னைப் போல இன்னொருவன் வாங்குவான், அவனும் கேட்கமாட்டான். இன்னொன்று, என் கண்ணில் இருக்கும் இந்தக் குறை தாய் வழியாக மகனுக்குப் போவது, உனக்கு இல்லாவிட்டாலும் உன் மகனுக்கு வரலாம் என்பது நான் வகுப்பில் நடத்திய பாடம், உன்னிடம் மட்டும் சொல்லாத பாடம். பிறப்பது பையனாக இருந்தால், பேச்சு வந்ததும் ஒரு காயையும் ஒரு பழத்தையும் முன்னால் வைத்துக் கேள். தவறாகச் சொன்னால் சிரிக்காதே. மறைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கேட்டுவிடு.

நம் தெருப் பக்கம் இருந்த தபால் பெட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டி இருப்பது கவுஸ் பாய் கடைத் தூணில்தான். நாளைக் காலை கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து இந்த உறையோடு போகிறேன். சென்னப்பன் பொய் சொல்லவில்லை, மோட்டார் தானாகத்தான் ஓடியது, ஓடவைத்தவன் நான், எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொல்லி முடிக்கும்வரை உறையைப் பெட்டியில் போடமாட்டேன். சொல்லாமல் திரும்பினால் கடிதமும் என்னோடு திரும்பும். ஆகவே, கண்ணு, இது உன் கைக்கு வந்து நீ படித்துக்கொண்டிருந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரப்போகிற உயிருக்கும் எல்லா நலமும் சேரட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. மாரப்பன்