ராணியை அவர் வெட்டாத காரணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் ராஜாவுக்கு மட்டும் தினமும் கண்டம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நேற்று ஃபோனில் பதறிப்போய்க் கேட்டாயே, நீயும் அப்பாவும் ஃபோனில் ஆடும் ஞாயிற்றுக்கிழமை செஸ் ஆட்டத்தில் சும்மா நின்ற ராணியைக்கூட அப்பா வெட்டவில்லை, கண் மங்கிவிட்டதா, மறதி வந்துவிட்டதா, டாக்டரிடம் கூட்டிப்போ என்று. நான் பதில் சொல்வதற்குள் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். செஸ் புதிர் போடும் நேரமாம். அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. மாடி வீட்டு மருந்துக்கடைப் பெண் சாயங்காலங்களில் செஸ் சொல்லித் தருகிறாள், அப்பா அவளிடம் சேர்ந்திருக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவள் சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான், ஆனால் இந்த மனுஷன் கையில் கிடைத்தால் எது சின்னதாக இருக்கும் சொல். யோசித்து முடிக்கும்வரை கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்காருங்கள் என்றாளாம், காலமெல்லாம் பஸ் ஓட்டிய கை சும்மா இருக்காது, பார்த்ததைத் தொட்டுவிடுகிறது. எதிராளி காய் நகர்த்தியதும் அவர் என்ன பண்ணப் பார்க்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் நான் ஒரு பையை எடுத்தால் போதும், கையைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு, "இவ என்னைக் கடைக்கு அனுப்பப் பாக்குறா" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு எழுந்து போகவாவது வேண்டாமா, அதுவும் இல்லை.

இந்த அழகில் போன மாதம் ஒரு போட்டிக்கு வேறு போனார். எதிரே ஒரு பல் டாக்டர், பாவம், ஒன்றும் தோன்றாமல் விழித்துக்கொண்டிருந்தாராம். அப்பா பாடம் மறக்காத மாணவராயிற்றே, "இவரு குதிரையை இந்தக் கட்டத்துல வச்சு என் யானையைத் தூக்கப் பாக்குறாரு" என்று கணீரென்று சொல்லியிருக்கிறார். டாக்டர் ரொம்ப நன்றிங்க என்று சொல்லிக் குதிரையை அங்கேயே வைத்தார். மனசுக்குள் சொல்லணும் சார் என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா என்று இவர் அவளிடம் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் விஷயம் அதற்குப் பிறகுதான். ஜெயித்த ஆட்டத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, தோற்ற ஆட்டங்களைக் கொண்டுவாருங்கள், எங்கே தப்பு என்று பார்ப்போம் என்றிருக்கிறாள். இவர் பெருமையாக, பொண்ணு வெளியூர் போனதிலிருந்து அவளிடம் நான் தோற்றதே இல்லை என்று சொல்லி உன்னோடு ஆடியதைக் காட்டியிருக்கிறார். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு உங்க மேல ரொம்பப் பாசமோ சார்" என்று மட்டும் கேட்டாளாம். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன், அப்பா அதுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ ராணியைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தாய். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஃபோனையே பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சொன்னார், "இவ தோக்கப் பாக்குறா." ராணியைத் தொடவே இல்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் தோற்றும் போனார். தோற்ற ஆட்டம் கிடைச்சாச்சு என்று அவர் மாடிப்படி ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தால் டாக்டர் பேச்சையே எடுத்திருக்க மாட்டாய்.

கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணே. அவருக்கு வயசாகிவிட்டது என்று நீ நினைத்துவிட்டாயே என்பதுதான் அவருக்கு வலி. நீயும் நல்லதை நினைத்துத்தான் செய்தாய், அழாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஈவு இரக்கம் பார்க்காமல் தோற்கடி.

இப்படிக்கு,
உன் அம்மா