துறைமுகக் கொலையின் மூன்றாம் பாகம்

கொட்டாஞ்சேனை
05.02.2024

அன்புள்ள டெனிஷா மகளுக்கு,

வீடுகளுக்குப் புத்தகம் அனுப்பும் வேலைக்கு, நூலகப் படிப்புப் படிக்கிற பிள்ளை நீ பயிற்சிக்கு வந்திருப்பதாக உங்கள் ஓட்டோக்காரர் சொன்னார். சந்தோசம். எனக்குக் காது மந்தம், போனில் கதைக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன். துறைமுகக் கொலைக் கதையில் இரண்டு பாகம் முடித்துவிட்டேன். மூன்றாம் பாகத்தை உடனே அனுப்பு. வலது கண் போய்விட்டது. இடதும் கனநாள் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் கொன்றவன் யாரென்று நான் பார்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
பிறிஜெற்

நூலகத்திலிருந்து
09.02.2024

அன்பான பிறிஜெற் ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் எல்லோரும் வாசித்து ரசித்தோம். அவ்வளவு கியூட். மூன்றாம் பாகம் பொடி எழுத்து, உங்களுக்குக் கஷ்டம். இந்த வயதில் கொலையும் இரத்தமும் எதற்கு ஆச்சி? வயதானவர்களுக்குப் பக்தியும் உடல்நலமும்தான் பிடிக்கும் என்று வகுப்பில் படித்தோம். அதனால் கண்களுக்குக் காவலான புனித லூசியாளின் நவநாள் செபப் புத்தகத்தை, பெரிய எழுத்தில், அனுப்பியிருக்கிறேன். மருந்தை நேரத்துக்குக் குடியுங்கோ.

பாசத்துடன்,
டெனிஷா

கொட்டாஞ்சேனை
12.02.2024

மகள் டெனிஷாவுக்கு,

மீன்காரன்கூட என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவான். நீ ஆச்சி ஆக்கிவிட்டாய், சரி, போகட்டும். லூசியம்மா கோவிலடியில்தான் பிறந்து வளர்ந்தேன். அந்த நவநாள் எனக்கு மனப்பாடம். கொலைகாரனைத்தான் தெரியாது. மாலுமியின் மச்சான் மேல் எனக்குச் சந்தேகம். பொடி எழுத்துக்குப் பெருப்பிக்கும் கண்ணாடி வைத்திருக்கிறேன். என் கண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ புத்தகத்தை அனுப்பு.

பிறிஜெற் அன்ரி

நூலகத்திலிருந்து
19.02.2024

பிறிஜெற் அன்ரிக்கு,

கோபிக்க வேண்டாம். நீங்கள் முதலில் கேட்டபோது புத்தகம் இங்கேதான் இருந்தது. பிறகு மட்டக்குளியிலிருந்து கம்பஸ் மாணவர் ஒருவர் வந்து கேட்டார். அவர் வாசித்தால் பிரயோசனம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவுடன் உங்களுக்குத்தான்.

டெனிஷா

கொட்டாஞ்சேனை
02.04.2024

மகள்,

இன்னும் வரவில்லையோ? பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஒருக்கால் கேட்டுப் பார்.

பிறிஜெற்

நூலகத்திலிருந்து
20.05.2024

அன்புள்ள அன்ரி,

புத்தகம் இன்றுதான் வந்தது. ஓட்டோக்காரர் கொண்டுவரும் பையில் வைத்திருக்கிறேன். பிந்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. கண் இப்போது எப்படி? வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து வாசித்துக் காட்டட்டா?

உங்கள் டெனிஷா

கொட்டாஞ்சேனை
27.05.2024

டெனிஷாவுக்கு,

வரி தெரியாததால் தாளில் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வரிக்கு மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு நிம்றா என் காதுக்குள் கத்திக் கத்தி வாசித்தாள். அதற்கே பாவம், அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு முழுப் புத்தகத்தை நீ எப்படி வாசிப்பாய்? வர வேண்டாம்.

கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்கட்டா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படி அறிந்து என்ன செய்ய? அவனை நானே பிடிக்க ஆசைப்பட்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் இருந்தேன். எழுத வரவில்லை.

புத்தகத்தைச் சில நாள் மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். என் அங்கத்துவ அட்டையும் பையில் இருக்கிறது. பெயரை வெட்டிவிடு.

பிறிஜெற்